மருந்தின் ஆயுள்



நமக்கு நோய் வந்தால் மருந்து உண்கிறோம். அந்த மருந்துக்கே நோய் வந்தால் என்ன செய்வது? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், பால் கெடுகிறது, சோறு கெடுகிறது, எண்ணெய் சிக்கு நாற்றம் அடிக்கிறது என்பதைப் போலவே மருந்தும் கெடுகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பால் கெட்டால் திரிந்து காட்டும். சோறு கெட்டால் வாடை காட்டும். மருந்தோ பெரும்பாலும் எதையும் காட்டுவதில்லை. நிறம் மாறாது, மணம் மாறாது, சுவையும் மாறாது. ஆற்றல் மட்டும் போய்விட்டிருக்கும். கண்ணும் மூக்கும் நாக்கும் கண்டுபிடிக்க முடியாத இந்தக் கேட்டினை ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், கண்டுபிடித்ததை நமக்கு எப்படித் தெரிவிக்கிறார்கள் என்பதையே இன்றைய உரையில் காண இருக்கிறோம். ஆன்டிபயாட்டிக் எனப்படும் கிருமிக்கொல்லி மருந்துகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மூத்த பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. கிளினிக்கில் பழ மணம் வீசும் மருந்துநீர் ஒரு புட்டி கொடுத்தார்கள். ஏழு நாளைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். ஐந்தாம் நாளே பையன் எழுந்து ஓடத் தொடங்கிவிட்டான். நாங்களும் மருந்தை நிறுத்திவிட்டோம். மீதி மருந்து குளிர்பெட்டியின் கதவில், சாஸ் புட்டிக்குப் பக்கத்தில் நின்றது.

ஆறு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு இளையவளுக்குக் காய்ச்சல் கண்டது. காது வலிக்கிறது என்று அழுதாள். அவளுக்கு அப்போது நான்கு வயது. “அண்ணனுக்குக் கேட்ட மருந்துதானே, தங்கச்சிக்குக் கேட்காதா? காசு கொடுத்து வாங்கியதை ஏன் கொட்டணும்?” என்றார் பாட்டி. எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. புட்டியைக் குலுக்கினோம்; மோந்து பார்த்தோம்; அதே மணம், அதே நிறம். மூன்று வேளையும் தவறாமல் கொடுத்தோம். திங்கட்கிழமை விடிவதற்குள் காய்ச்சல் 40 பாகையைத் தொட்டது; காதிலிருந்து சீழ் வடிந்தது.

மருத்துவமனையில், உடன் கொண்டு போயிருந்த புட்டியை மருந்தாளர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “அம்மா, இந்தச் சீட்டைப் படித்தீர்களா?” என்றார். தண்ணீர் கலந்த நாளிலிருந்து 7 நாள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று அதில் எழுதியிருந்தது. தேதியும் போடப்பட்டிருந்தது. மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இரண்டு தவறு செய்திருக்கிறீர்கள். அண்ணனுக்கு வந்த கிருமிதான் இவளுக்கும் வந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்படியே இருந்தாலும், அந்தப் புட்டியில் முழு மருந்து இருந்ததாக நினைத்தீர்களே, அது இரண்டாவது தவறு,” என்றார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தக் காது சில வாரங்கள் மந்தமாகவே இருந்தது. பின்னால் நின்று பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டாள். அந்த நாள்களில் எங்கள் வீட்டில் எவரும் சரியாக உறங்கவில்லை.

ஏழு நாள் என்று எழுதியவர் யார்? எதைக் கொண்டு எழுதினார்? அன்று எங்கள் உள்ளத்தில் எழுந்த கேள்வி இதுதான்.

நேயர்களே, பெனிசிலின் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இரார். 1928ஆம் ஆண்டு இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு பூசணத்தைக் கண்டார். அதைச் சுற்றியிருந்த கிருமிகள் அழிந்திருப்பதைக் கவனித்தார். ஆனால் அந்தச் சாற்றிலிருந்து மருந்தைத் தனியே பிரித்தெடுப்பது பெரும் இடராக இருந்தது. கையில் எடுக்க எடுக்க அது ஆற்றலிழந்து போயிற்று. அமிலம் பட்டால் அழிந்தது. காரம் பட்டால் அழிந்தது. சூடு பட்டாலும் அழிந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் அது மருந்தாகாமல் கிடந்ததற்கு இந்த நிலையாமையும் ஒரு முக்கியக் காரணமாகும்.

ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹாவர்ட் புளோரி, எர்னஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் 1939ஆம் ஆண்டு வாக்கில் இந்த வேலையில் இறங்கினர். சாற்றைக் குளிர வைத்து, அமிலமாக்கி, விரைந்து ஈதருக்குள் இழுத்து, உடனே நடுநிலையான நீருக்குள் திரும்ப வாங்கும் வழியை ஹீட்லி கண்டார். அதன்பின் அந்த நீரை உறைய வைத்து, வெற்றிடத்தில் ஆவியாக்கி நீக்கினர். எஞ்சியது உலர்ந்த தூள். ஈரத்தில் நாளுக்கு நாள் அழிந்த மருந்து தூளாக உலர்ந்ததும் நின்று நிலைத்தது. இன்றும் குழந்தைகளுக்கான பல கிருமிக்கொல்லி மருந்துகள் புட்டியில் தூளாகவே வருகின்றன. கொடுக்கும்போதுதான் மருந்தாளர் தண்ணீர் கலக்கிறார். தண்ணீர் கலந்த அந்த நொடியில் மருந்தின் கடிகாரம் விரைந்து ஓடத் தொடங்கிவிடுகிறது.

தண்ணீர் இதில் என்ன செய்கிறது? பெனிசிலினின் உள்ளமைப்பை டொரத்தி ஹாட்ஜ்கின் அம்மையார் 1945ஆம் ஆண்டு எக்ஸ் கதிர்களின் உதவியால் உறுதிப்படுத்தினார். அதன் நடுவே நான்கு அணுக்களால் ஆன சிறிய வளையம் ஒன்று இருக்கிறது. பீட்டா-லாக்டம் வளையம் என்பது அதன் பெயர். ஒரு மூங்கில் கழியை வளைத்து, இரு முனையையும் சேர்த்துக் கட்டி வைத்தால் எப்படி இருக்கும்? எப்போது அறுத்துக்கொண்டு நிமிரலாம் என்று காத்திருக்கும். இந்த வளையமும் அத்தகையதே. கிருமியின் உடற்சுவரைக் கட்டும் நொதியில் இது போய் மாட்டிக்கொண்டு திறக்கிறது, நொதி முடங்குகிறது, சுவர் கட்ட முடியாமல் கிருமி மாள்கிறது. ஆனால் அதே கட்டைத் தண்ணீரும் அவிழ்த்துவிடும். அவிழ்ந்த பொருளுக்குப் பெனிசிலாயிக் அமிலம் என்று பெயர். அது கிருமியைக் கொல்லாது. மருந்தின் வலிமை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதன் பலவீனமும் இருக்கிறது.

முதலில் வந்த பெனிசிலினை வயிற்றின் அமிலத்தைப் போன்ற நீரில் இட்டால் சில நிமிடங்களிலேயே பாதி அழிந்துவிடும். அதனால் ஊசியாகவே போட வேண்டியிருந்தது. பின்னர் 1960களில் வந்த ஆம்பிசிலினும் 1970களில் வந்த அமாக்சிசிலினும் அமிலத்தைப் பல மணி நேரம் தாங்கக் கூடியவை. ஆயினும் வளையம் அதே வளையம்தான். புட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்தால் அவையும் மெல்ல மெல்ல அவிழும்.

சரி, மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அளப்பது எப்படி? இரு வழிகளைச் சொல்கிறோம்.

முதல் வழி, கிருமியையே சாட்சியாக அழைப்பது. தட்டையான கண்ணாடித் தட்டில் அகார் என்னும் கடற்பாசிக் கூழை ஊற்றி, அதில் கிருமிகளை விதைக்கிறார்கள். நம் வீடுகளில் பலகாரம் செய்யும் அகார்-அகார்தான் இது. கூழின்மேல் சிறு குழாய்த் துண்டுகளை நிறுத்தி, ஒன்றில் அளவு தெரிந்த புது மருந்தையும், மற்றொன்றில் ஆய்வுக்குரிய மருந்தையும் ஊற்றி, இளஞ்சூட்டில் ஓர் இரவு வைக்கிறார்கள். காலையில் பார்த்தால் தட்டு முழுதும் கிருமிகள் வெண்படலமாக வளர்ந்திருக்கும்; குழாய்களைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டங்கள் இருக்கும். வட்டம் சிறுத்திருந்தால் மருந்து குறைந்திருக்கிறது என்று பொருள். இந்த முறையை உருவாக்கியவரும் மேலே சொன்ன ஹீட்லிதான்.

இந்தச் சாட்சி உண்மையைச் சொல்லும். ஆனால் முழுவதையும் சொல்லாது. ஆற்றல் குறைந்தது என்று சொல்லும். குறைந்த மருந்து என்னவாக மாறியது என்பதைச் சொல்லாது. அதற்குத்தான் இரண்டாவது வழி. எச்.பி.எல்.சி. என்ற கருவியில், மிக நுண்ணிய துகள்கள் நிரம்பிய குழாய் ஒன்றின் வழியே மருந்துக் கரைசலை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். குழாயைக் கடக்க ஒவ்வொரு பொருளும் வேறு வேறு நேரம் எடுத்துக்கொள்கிறது. ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் பின் ஒருவராக எல்லையைத் தாண்டுவது போல, மருந்து ஒரு நேரத்திலும் உடைந்த துண்டுகள் வேறு நேரங்களிலும் வெளியே வருகின்றன. ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு குன்றாக எழும். மருந்தின் குன்று உயரம் குறையக் குறைய, பக்கத்தில் புதுக் குன்றுகள் முளைப்பதைக் காணலாம். எது எவ்வளவு என்று கணக்கிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாச் சோதனையும் நல்ல சோதனை ஆகிவிடாது. கோயில் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி, உள்ளே எத்தனை பேர் என்று சொல்ல முயல்வதாக வைத்துக்கொள்வோம். செருப்பை மறந்து போனவரையும் சேர்த்தல்லவா எண்ணிவிடுவோம்? அதுபோலச் சில எளிய சோதனைகள் உடைந்த மருந்தையும் முழு மருந்தாகவே எண்ணிவிடும். ஆகவே, ஒரு சோதனை முறையை ஏற்பதற்குமுன் அதையே சோதிக்கிறார்கள். நல்ல மருந்தை எடுத்து வேண்டுமென்றே கெடுக்கிறார்கள். ஒரு பங்கை அமிலத்தில் இடுவர். ஒரு பங்கைக் காரத்தில் இடுவர். இன்னொன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவர். மற்றொன்றைச் சூட்டிலும், வேறொன்றை வலிய ஒளியிலும் வைப்பர். இப்படிப் பலவாறு கெட்ட மருந்தையும் நல்ல மருந்தையும் பிரித்துக் காட்டும் முறையைத்தான் நிலைப்புத் தன்மைக்குரிய சோதனையாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

உடைந்த துண்டுகளை ஏன் இவ்வளவு கவனிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆற்றல் இழப்பது ஒன்று. தீங்கு செய்யும் பொருளாக மாறுவது வேறொன்று. டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லியின் வரலாறு இதற்குச் சான்று. 1963ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் சில நோயாளிகளைப் பற்றி எழுதினர். பழையதாகிக் கெட்டுப்போன டெட்ராசைக்ளின் குளிகைகளை உண்டபின் அவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் தாகமும் மிகுந்தன. சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் வெளியேறின. சிறுநீரகத்தின் நுண்குழல்கள் பழுதுபட்டிருந்தன. மருந்தை நிறுத்தியபின் பழுது படிப்படியாக நீங்கியது. ஆய்ந்து பார்த்தபோது, வெப்பமும் ஈரமும் அமிலமும் சேர்ந்து டெட்ராசைக்ளினை வேறொரு பொருளாக மாற்றியிருந்தது தெரிந்தது. குளிகைக்குள் துணைப்பொருளாகச் சேர்த்திருந்த சிட்ரிக் அமிலமே அந்த மாற்றத்திற்குத் துணை போயிருந்தது. பின்னர் அந்தத் துணைப்பொருள் நீக்கப்பட்டது. கெட்ட பொருள் இந்த அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பும் மருந்தியல் நூல்களில் எழுதப்பட்டது. மருந்தோடு சேரும் மாவும் சாயமும்கூடச் சோதனைக்கு உட்பட்டவை என்ற பாடம் அன்று கிடைத்தது.

இனி, ஆயுள் குறிக்கும் முறைக்கு வருவோம். ஒரு மாத்திரை மூன்று ஆண்டுகள் நிற்குமா என்று அறிய மூன்று ஆண்டுகள் காத்திருக்கத்தான் வேண்டுமா? வெப்பம் ஏற ஏற வேதிமாற்றம் எவ்வாறு விரைவுபடுகிறது என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் 1889ஆம் ஆண்டு கணக்காக எழுதிக் காட்டினார். பொதுவாகச் சொன்னால், 10 பாகை செல்சியஸ் ஏறினால் வேகம் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகும். எனவே மருந்தை அதன் உறையோடும் பெட்டியோடும் 40 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் ஆறு மாதம் வைத்துப் பார்க்கிறார்கள். இது விரைவுச் சோதனை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த அறையில் ஆறு மாதத்தில் ஒரு மருந்து நூற்றில் ஐந்து பங்கை இழந்தது என்று கொள்வோம். அதே இழப்பு 30 பாகையில் ஏற்பட ஏறத்தாழ 12 மாதம் முதல் 18 மாதம் ஆகலாம். ஆயினும் இது கணக்குதானே தவிர, கண்டதன்று. ஆகையால் மற்றொரு தொகுதியைச் சாதாரண நிலையிலேயே வைத்து, 3, 6, 9, 12, 18, 24, 36 ஆகிய மாதங்களில் எடுத்து எடுத்துச் சோதிக்கிறார்கள். ஒரே தடவையில் செய்த மருந்து போதாது; வெவ்வேறு தடவையில் செய்த மூன்று தொகுதிகளாவது வேண்டும். ஆற்றல் எவ்வளவு, உடைந்த பொருள் எவ்வளவு, ஈரம் எவ்வளவு ஏறியது, மாத்திரை வயிற்றில் கரைவது போல உரிய நேரத்தில் கரைகிறதா என்பன எல்லாம் பார்க்கப்படும். ஒரு மாத்திரை தன் மருந்து முழுவதையும் உள்ளே வைத்திருந்தும், ஈரம் ஏறிக் கல்லைப் போல் இறுகிக் கரையாமல் போனால், அதனால் நோயாளிக்கு என்ன பயன்?

சாதாரண நிலை என்றோமே, யாருக்குச் சாதாரணம்? இந்தக் கேள்வி நம் நாடுகளுக்கு மிகவும் முக்கியமானது. இலண்டனில் சாதாரணமாக இருக்கும் அறை வேறு. ஈப்போவிலோ தோ பாயோவிலோ உள்ள அறை வேறு. பால் சூமாக்கர் என்பார் 1972ஆம் ஆண்டு உலகை நான்கு தட்பவெப்ப மண்டலங்களாக வகுத்துக் காட்டினார். நாம் வாழ்வது நான்காம் மண்டலம். வெப்பமும் ஈரமும் மிகுந்தது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் ஆகியவை 1993ஆம் ஆண்டு சேர்ந்து வகுத்த விதியில் நீண்ட காலச் சோதனைக்கு 25 பாகையும் 60 விழுக்காடு ஈரப்பதமும் போதும் என்று குறிக்கப்பட்டன. அது அவர்களின் நாட்டிற்குப் பொருந்தும். மழை பெய்து வெயில் அடிக்கும் நம் பிற்பகலுக்குப் பொருந்துமா? ஆசியான் நாடுகள் 2005ஆம் ஆண்டு, இங்கே விற்கும் மருந்துகளை 30 பாகையிலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் சோதிக்க வேண்டும் என்று நெறி வகுத்தன. உலகச் சுகாதார நிறுவனமும் நான்காம் மண்டலத்தை இரண்டாகப் பிரித்து, மிகுந்த ஈரமுள்ள பகுதிக்கு அதே அளவை ஏற்றுக்கொண்டது.

மலேசியாவில் இந்தச் சோதனைக் குறிப்புகளை ஆராய்வதற்கு ஓர் அமைப்பு உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் 1978ஆம் ஆண்டு தேசிய அளவில் ஒரு மருந்து ஆய்வுக்கூடம் அமைந்தது; அதுவே இன்று தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பாக வளர்ந்து நிற்கிறது. 1984ஆம் ஆண்டின் விதிகளின்படி மருந்துகள் பதிவு செய்யப்படுகின்றன. பெட்டியின்மேல் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணை நேயர்கள் கண்டிருக்கக் கூடும். சிங்கப்பூரில் இப்பணியை 2001ஆம் ஆண்டு தோன்றிய சுகாதார அறிவியல் ஆணையம் கவனித்து வருகிறது. பெட்டியில் மலாய் மொழியில் ‘தாரிக் லுபுட்’ என்று அச்சிட்டிருக்கும் காலாவதி நாளின் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

அப்படியானால் அந்த நாள் கடந்த மறுநாளே மருந்து நஞ்சாகிவிடுமா என்று சிலர் கேட்பார்கள். நேர்மையான விடை: இல்லை. அமெரிக்க இராணுவத்தின் கையிருப்பில் இருந்த மருந்துகளைக் காலாவதி நாள் கடந்தபின் சோதித்துப் பார்க்கும் திட்டம் ஒன்று அங்கே 1986ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. 2006ஆம் ஆண்டு வெளியான கணக்கின்படி, 122 வகை மருந்துகளில் 3,005 தொகுதிகளைச் சோதித்ததில், 88 விழுக்காட்டுத் தொகுதிகளின் ஆயுளைக் குறைந்தது ஓராண்டாவது நீட்டிக்க முடிந்தது. இதைக் கேட்டுவிட்டு, “பார்த்தீர்களா, பழைய மருந்தும் நல்ல மருந்துதான்” என்று எவரும் எழுந்துவிட வேண்டாம். அவை உறை பிரிக்காத மருந்துகள். முறையான கிடங்கில் இருந்தவை. ஒவ்வொரு தொகுதியும் சோதனைக்குப் பின்னரே நீட்டிக்கப்பட்டது. எஞ்சிய 12 விழுக்காடு எது என்பதும் சோதனையால்தான் தெரிந்தது. நம் சமையலறை அலமாரியில் இருக்கும் மருந்து எந்தக் கணக்கில் சேரும் என்பதை மோந்து பார்த்துச் சொல்ல முடியாது. அச்சிட்ட நாள் என்பது ஒரு வாக்குறுதி. அந்த நாள் வரை இந்த மருந்து நல்லதாக இருக்கும் என்று செய்தவர் கொடுத்த சொல் அது. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு: நாங்கள் சோதித்த நிலையிலேயே நீங்களும் வைத்திருக்க வேண்டும் என்பதே அது. நிபந்தனையை நாம் மீறிவிட்டால் வாக்குறுதி செல்லாது.

எவ்வாறெல்லாம் மீறுகிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

கிளினிக்கில் மருந்தை வாங்கிக் காரில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறோம். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே வெப்பம் 50 பாகையைத் தாண்டக் கூடும். விரைவுச் சோதனைக்காக ஆய்வாளர் வைக்கும் 40 பாகைச் சூட்டைவிட இது அதிகம். மாத்திரைகளை அலுமினியத் தாளிலிருந்து பிரித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைக்கிறோம். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த அமாக்சிசிலின் போன்ற மாத்திரைகள் ஈரத்துக்கு மிகவும் அஞ்சுபவை. அவற்றுக்கு அந்தத் தாளே கோட்டை. புட்டிக்குள் இருக்கும் சிறு பையை, எதற்கென்று தெரியாமல் எடுத்து எறிகிறோம். அது ஈரத்தை உறிஞ்சி மருந்தைக் காக்கும் சிலிக்கா கூழ்ம மணிகள். சிலர் மாத்திரைகளைக் குளியலறை அலமாரியில் வைக்கிறார்கள். வீட்டிலேயே ஈரம் மிகுந்த இடம் அதுதான்.

இன்னும் சிலர், குளிர்பெட்டியில் வைத்தால் எல்லாம் நல்லது என்று நினைக்கிறார்கள். அதுவும் சரியன்று. தண்ணீர் கலந்த அமாக்சிசிலின் போன்றவற்றுக்குக் குளிர் நல்லது. ஆனால் உறைய வைக்கும் தட்டு ஆகாது. கிளாரித்ரோமைசின் என்ற மருந்துநீரையோ குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது; கெட்டியாகிக் கசப்பேறும். குளிரிலிருந்து எடுத்த மாத்திரைப் புட்டியை உடனே திறந்தால், குளிர்ந்த கண்ணாடிக் குவளையின்மேல் நீர் அரும்புவது போல உள்ளே ஈரம் படியும். எந்த மருந்துக்கு எந்த இடம் என்பதைச் சீட்டைப் படித்தோ மருந்தாளரைக் கேட்டோ அறிவதே முறை.

கலந்த மருந்துநீருக்குக் கொடுக்கும் நாளும் மருந்துக்கு மருந்து வேறுபடும். பெரும்பாலும் 7 நாள் முதல் 14 நாள் வரை இருக்கும். கலந்த தேதியைப் புட்டியிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். வீட்டில் கலக்க வேண்டியிருந்தால், கொதித்து ஆறிய நீரைக் குறியிட்ட கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். மருத்துவர் சொன்ன நாள்கள் முழுவதும் கொடுங்கள். அதன்பின் மீதி இருந்தால் அது மீதி மருந்தன்று, கழிவு. அதைச் சாக்கடையில் கொட்டாமல், அரசு மருத்துவமனை மருந்தகத்திலோ அரசு கிளினிக்கிலோ திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆற்றல் குறைந்த கிருமிக்கொல்லியால் மற்றொரு கேடும் உண்டு. நூறு வீரர்கள் போக வேண்டிய போருக்கு அறுபது பேரை அனுப்பினால், எளிய பகைவர் மடிவர், வலியவர் தப்புவர். தப்பிய கிருமிகள் பெருகினால் அடுத்த முறை முழு மருந்துக்கும் அடங்க மாட்டா. அது நம் பிள்ளையோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளிக்கும் பரவும். ஆகவே மருந்தைக் காப்பது நம் வீட்டு வேலை மட்டுமன்று. ஊருக்குச் செய்யும் உதவியுமாகும்.

நேயர்களே, திருவள்ளுவர் மருந்து என்றே ஓர் அதிகாரம் வகுத்தவர். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணி செய்பவன் என்று மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை அவர் அங்கே எண்ணிக் காட்டினார். நான்காமவர் யார்? இரவில் விழித்திருந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தாய். கரண்டியில் மருந்தை ஊற்றும் தந்தை. போர்வையைச் சரிசெய்யும் பாட்டி. ஆய்வுக்கூடத்தில் மூன்று ஆண்டுகள் காத்த மருந்தைக் கடைசி ஏழு நாள் காக்கும் பொறுப்பு இவர்கள் கையில்தான் இருக்கிறது.

இன்று எங்கள் இளையவள் பெரியவளாகி, இரு பிள்ளைகளுக்குத் தாயாக இருக்கிறாள். அவள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு பேனா கட்டித் தொங்குகிறது. மருந்துப் புட்டி வந்தால், முதலில் அந்தப் பேனாவால் தேதி எழுதப்படும். அதன்பின்தான் மூடி திறக்கப்படும். உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியிலும் பழைய புட்டி ஏதேனும் நிற்கிறதா என்று இவ்வுரை முடிந்ததும் ஒரு முறை திறந்து பாருங்கள்.